ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

அணை, கால்வாய், வடிகால் வேலைகளின் வரவு செலவை அங்கத்தினர் ஆராயும் முறை

"ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. மற்ற நாட்டாருக்கு இது சிக்கனத்தைப் பற்றிய பழமொழி மட்டுமே. காவிரிக் கரையில் வாழும் நமக்கோ இது சொல்லுக்குச் சொல் பொருந்துவது. அணையாகவும், மதகாகவும், கரையாகவும், வடிகாலாகவும் நம் நாட்டு ஆறுகளில் போடப்பட்டிருக்கும் பொதுப் பணம் கோடிக்கணக்கானது. அது அளந்து போடப்பட்டதா? எந்தக் கோலால் அளப்பது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காணும் முறையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இது எஞ்சினீயர்களுக்கும் அரசினருக்கும் உரிய விஷயம், நமக்கு எதற்கு என்று சிலர் கருதக்கூடும். அக்கருத்து சரியன்று. வேலைக்குச் செலவாகும் பணம் நம் வரிப்பணம். நன்மை வந்தால் நம் வயலுக்கு வருவது; தீமை வந்தாலும் நம் வீட்டு வாசலுக்கே வருவது. கிராம சபையிலும், 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களிலும் அங்கத்தினர்கள் கருத்துச் சொல்ல உரிமை பெற்றிருக்கிறார்கள். கணக்கு அறியாதவன் சொல்லும் கருத்து சபையில் ஏறாது. ஆகவே கணக்கைக் கற்போம்.

வருவாய்க் கணக்கும் நன்மைக் கணக்கும்

ஆங்கிலேயர் ஆட்சியில் பாசன வேலைகளை இரண்டு இனமாகப் பிரித்தார்கள். வருவாய் தரும் வேலை ஒன்று. பஞ்சத்தைத் தடுக்கும் பாதுகாப்பு வேலை மற்றொன்று. வேலை முடிந்து பத்து ஆண்டுகளுக்குள், அதனால் அரசுக்குக் கிடைக்கும் நிகர வருவாய் போட்ட முதலின் வட்டிக்கு ஈடாகுமானால் அது வருவாய் தரும் வேலை எனப்பட்டது. தீர்வையும் தண்ணீர் வரியுமே அங்கே வரவு. குடியானவனுடைய களத்தில் எத்தனை கலம் நெல் கூடிற்று என்பது அக்கணக்கில் நேராக இடம் பெறவில்லை.

இது கடன் கொடுத்தவன் பார்க்கும் கணக்கு. நாடு பார்க்க வேண்டிய கணக்கு வேறு. பிரான்சு தேசத்தில் பாலங்களையும் பாட்டைகளையும் கவனித்துவந்த எஞ்சினீயரான துய்ப்புயி என்பார் 1844-ல் இவ்வேறுபாட்டை எடுத்துக் காட்டினார். ஒரு பாலத்தின் பயன் அங்கே வசூலாகும் சுங்கத்தில் அடங்கிவிடுவதில்லை. அதைக் கடந்து செல்வோர் அடையும் சௌகரியம் முழுவதையும் அளக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அமெரிக்காவில் 1936-ல் இயற்றப்பட்ட வெள்ளத் தடுப்புச் சட்டம், நன்மை யாருக்குச் சேர்ந்தாலும் சரி, அதன் மொத்தம் செலவை விஞ்ச வேண்டும் என்ற விதியை வகுத்தது. நம் நாட்டில் பேராசிரியர் காட்கில் தலைமையில் புனே கோகலே ஆராய்ச்சி நிலையத்தார் கோதாவரி, பிரவரா கால்வாய்களின் நேர் பயன்களையும் மறைமுகப் பயன்களையும் ஆராய்ந்து 1948-ல் அறிக்கை வெளியிட்டனர். 1960-களில் வருவாய்ச் சோதனை கைவிடப்பட்டு, நன்மைக்கும் செலவுக்கும் உள்ள விகிதமே அளவுகோல் ஆயிற்று. ஆண்டுச் செலவு 1 ரூபாய் என்றால் ஆண்டு நன்மை 1 ரூபாய் 50 காசாவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. வறட்சிப் பகுதிகளுக்கு இவ்விதி தளர்த்தப்படுகிறது.

ஆண்டுச் செலவு என்பது மூன்று சேர்ந்தது: போட்ட முதலுக்கு வட்டி, தேய்மானம், பராமரிப்பு. ஆண்டு நன்மை என்பது, தண்ணீர் வந்தபின் விளையும் விளைவின் நிகர மதிப்பிலிருந்து, தண்ணீர் வராவிட்டாலும் விளைந்திருக்கக்கூடியதன் நிகர மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவது. நிகர மதிப்பு என்னும்போது விதை, உரம், உழவு, கூலி ஆகியவை கழிந்தபின் நிற்பதையே கொள்ள வேண்டும். களத்து நெல் முழுவதையும் திட்டத்தின் வரவாக எழுதுவது, நூல் விலையும் சாயச் செலவும் கழிக்காமல் சேலை விற்ற பணம் முழுவதையும் நெசவாளி தன் லாபம் என்று சொல்லிக்கொள்வதை ஒக்கும்.

"முன்–பின்" அன்று, "இருந்தால்–இராவிட்டால்"

இக்கணக்கில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. வேலைக்கு முன் இருந்த நிலையையும் பின் வந்த நிலையையும் ஒப்பிட்டு, வேறுபாட்டைத் திட்டத்தின் பயன் என்று எழுதிவிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியவை அவை அல்ல. திட்டம் இருந்தால் என்ன நிகழும், அதே காலத்தில் திட்டம் இராவிட்டால் என்ன நிகழும் என்ற இரண்டையுமே ஒப்பிட வேண்டும்.

மேட்டூர் அணை இதற்குத் தக்க சான்று. 1925-ல் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்டு 21-ல் அணை திறக்கப்பட்டது. கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. அணைக்கான செலவு ஏறத்தாழ 4 கோடியே 80 லட்ச ரூபாய். சென்னை, மைசூர் அரசுகளுக்கிடையே 1924 பிப்ரவரியில் ஏற்பட்ட ஒப்பந்தம், மேட்டூர்த் திட்டத்தின் கீழ்ச் சென்னை மாகாணம் 3,01,000 ஏக்கர் புதுப் பாசனம் செய்துகொள்ள இடமளித்தது. இப்புதுப் பாசனத்தின் பெரும்பகுதி கல்லணைக் கால்வாயின் கீழ் அமைந்தது.

மேட்டூருக்கு முன்பே பழைய டெல்டாவில் சுமார் 10 லட்சம் ஏக்கர் பாசனம் நடந்துவந்தது. ஆகவே டெல்டாவில் விளையும் நெல் முழுவதையும் மேட்டூரின் வரவில் எழுதுவது பிழை. அதற்காக 3,01,000 ஏக்கர் மட்டுமே பயன் என்று சொல்வதும் பிழையே. காவிரியில் மேலே கண்ணம்பாடியில் மைசூர் அரசு 1911-ல் அணைவேலை தொடங்கிற்று. கிருஷ்ணராஜ சாகரத்தில் நீர் தேங்கத் தொடங்கியபின், முன்போல் ஆற்றுப் பெருக்கு தானே வந்து டெல்டாவை நனைக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. மேட்டூர் இராதிருந்தால் பழைய 10 லட்சம் ஏக்கரின் நிலையும் முன்னிருந்தபடி இருந்திராது. கெடவிருந்ததைக் கெடாமல் காத்ததும் ஒரு நன்மை. முன்–பின் ஒப்பிடுவோர் கண்ணுக்கு அது தெரியாது.

செலவுப் பக்கமும் எஸ்டிமேட்டில் கண்ட தொகையோடு நின்றுவிடுவதில்லை. நீர்த்தேக்கத்தில் ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் இறங்கும் கோடைகளில் பண்ணவாடி அருகே நந்தி சிலையும் மாதா கோயில் கோபுரமும் தலைகாட்டுவதைப் பலர் கண்டிருக்கலாம். அங்கே குடியிருந்தோர் இழந்த விளைவும் வாழ்வும் செலவே. ஆற்றோடு வந்து வயலுக்கு எருவாகிய வண்டலும் அணைக்குப் பின்னே தங்கலாயிற்று. வயலுக்கு அது நஷ்டம். தேக்கத்தின் கொள்ளளவுக்கும் நஷ்டம்.

ஒரு வேலை மற்றொரு வேலையைப் பெறும்

1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும், கொள்ளிடத்தில் கீழணையையும் கட்டுவித்தார். அதற்கு முன் ஆற்று நீர் வரவர மிகுதியாகக் கொள்ளிடத்தில் இறங்கி, காவிரியின் தலைப்பு மணலேறித் தூர்ந்து வந்தது. மேலணை இப்போக்கை நிறுத்திற்று. ஆனால் பின்னர் காவிரியில் நீர் அளவுக்கு மிஞ்சிப் பாயத் தொடங்கிற்று. அதைக் கட்டுப்படுத்தக் காவிரித் தலைப்பிலும், பிறகு கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் ஒழுங்கு மதகுகள் கட்ட நேர்ந்தது. இவற்றின் செலவும் முதல் வேலையின் கணக்கைச் சேர்ந்ததே. மறுபுறம், கரிகாலச் சோழன் கட்டியதாக வழங்கும் கல்லணையில் மணல்மேல் அடித்தளம் நிற்கும் முறையைக் கண்டறிந்த காட்டன், அவ்வறிவைக் கொண்டே கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டினார். எஸ்டிமேட்டில் எவரும் எழுதாத நன்மை அது. ஆற்றில் கைவைக்கும் எந்த வேலைக்கும் மேல்மடையிலும் கீழ்மடையிலும் பின்விளைவு உண்டு. மதிப்பீடு அவ்வளவு தூரமும் சென்று பார்க்க வேண்டும்.

காலத்தின் விலை

செலவு இன்று, பயன் நாளை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எப்படி? கடன் சங்கத்தில் வட்டி கட்டிப் பழகிய நமக்கு இது கடினமன்று. வட்டி 10 சதவீதம் என்றால், இன்றைய 100 ரூபாய் அடுத்த ஆண்டின் 110 ரூபாய்க்குச் சமம். அதையே திருப்பிப் போட்டால், 10 ஆண்டு கழித்து வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு ரூ. 38.55, 20 ஆண்டு கழித்து வருவது ரூ. 14.86, 50 ஆண்டு கழித்து வருவது 85 காசு.

வட்டியை 5 சதவீதமாக வைத்தால் இவையே முறையே ரூ. 61.39, ரூ. 37.69, ரூ. 8.72 ஆகின்றன. வட்டி வீதத்தை மாற்றினாலே தேறாத திட்டம் தேறும். தேறிய திட்டம் தவறும். எனவே ஒரு திட்டத்தின் விகிதம் இவ்வளவு என்று யார் சொன்னாலும், எத்தனை சதவீத வட்டியில் என்று கேட்பது முதற் கடமை. இக்குழப்பத்தைத் தவிர்க்க, வரவும் செலவும் சமமாகும் வட்டி வீதம் எது என்று கண்டு அதையே அளவுகோலாகக் கொள்ளும் முறையும் உண்டு. 1983-ல் நிதின் தேசாய் குழுவினர் பாசனத் திட்டங்களுக்கு இம்முறையைச் சிபாரிசு செய்து, பொதுவாக 9 சதவீதமும் வறட்சிப் பகுதிகளில் 7 சதவீதமும் தேற வேண்டும் என்றனர்.

இந்தத் தராசுக்கு ஒரு குறை உண்டு என்பதையும் மறத்தலாகாது. 50 ஆண்டுக்குப் பின் வரும் 100 ரூபாயை 85 காசு என்று சொல்லும் கணக்கு, தலைமுறை தலைமுறையாக நீர் தந்துவரும் கல்லணையின் மதிப்பைக் காட்ட வல்லதன்று. நீண்டு நிலைக்கும் வேலைகளை ஆராயும்போது இக்கணக்கோடு பொது அறிவும் துணை வர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

விளக்கத்திற்காக நாமே அமைத்துக்கொண்ட ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராமத்தில் வடிகால் வாய்க்கால் தூர்ந்து, ஆகாயத் தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கின்றன. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐப்பசி, கார்த்திகை மழையில் 200 ஏக்கர் சம்பா மூழ்கி அழிகிறது. ஏக்கருக்கு நஷ்டம் 20,000 ரூபாய் என்று கொள்வோம். மூழ்கும் ஆண்டில் நஷ்டம் 40 லட்சம். நான்கு ஆண்டுக்குப் பகிர்ந்தால் ஆண்டொன்றுக்கு 10 லட்சம். வாய்க்காலை அகலப்படுத்தி, வாயில் அடைப்புக் கதவு அமைத்தால் 20 ஆண்டுக்கு ஒருமுறைதான் மூழ்கும். அப்போது ஆண்டுச் சராசரி நஷ்டம் 2 லட்சம். ஆகவே ஆண்டு நன்மை 8 லட்சம்.

வேலைக்குச் செலவு 40 லட்சம். ஆண்டுப் பராமரிப்பு 1 லட்சம். வேலையின் ஆயுள் 10 ஆண்டு. வட்டி 10 சதவீதம். பத்து ஆண்டுக்கு ஆண்டுதோறும் வரும் 1 ரூபாயின் இன்றைய மொத்த மதிப்பு ரூ. 6.14. எனவே நன்மை ஏறத்தாழ 49 லட்சம். செலவு 40 லட்சத்தோடு பராமரிப்பு 6.14 லட்சம் சேர்ந்து 46 லட்சம். விகிதம் 1.07. தட்டுத்தடுமாறித் தேறுகிறது.

இனி அதே கிராமத்துத் தறிகளைப் பார்ப்போம். குழித்தறியில் நெய்வோர் 30 பேர். அடைமழையில் குழியில் நீர் ஊறி ஆண்டுதோறும் 15 நாள் தறி நிற்கிறது. வடிகால் சீரானால் 5 நாள்தான் நிற்கும். நாளுக்கு 500 ரூபாய் வருமானம் என்றால் மிச்சமாகும் 10 நாளுக்கு 30 தறிக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,50,000 ரூபாய். இதைச் சேர்த்தால் ஆண்டு நன்மை 9.5 லட்சம், இன்றைய மதிப்பு 58.4 லட்சம், விகிதம் 1.27. வயலை மட்டும் பார்த்த எஸ்டிமேட், தறியையும் பார்த்தபோது வேறு முகம் காட்டுகிறது. வடிகால் வேலை விவசாயியின் வேலை என்று நெசவாள அங்கத்தினர் ஒதுங்கியிருக்கலாகாது என்பதற்கு இதுவே காரணம். நின்ற நாளின் நெசவைப் பின்னர் அதிக நேரம் நெய்து ஈடு செய்துவிடக்கூடுமானால் மட்டும், அந்த அளவுக்கு இத்தொகையைக் குறைத்துக்கொள்வது நேர்மை.

அடுத்தபடி, ஆண்டுக்கு 1 லட்ச ரூபாய் பராமரிப்பை நிறுத்திவிட்டதாக வைத்துக்கொள்வோம். வாய்க்கால் ஐந்தே ஆண்டில் மீண்டும் தூர்ந்துபோகிறது. ஐந்து ஆண்டுக்கு உரிய பெருக்கம் 3.79. நன்மை 36 லட்சமாகச் சுருங்குகிறது, செலவு 40 லட்சம், விகிதம் 0.90. இன்றைய மதிப்பில் 6 லட்சத்தை மிச்சம் பிடிக்கப்போய் 22 லட்சத்தை இழந்தோம். லாபமான வேலை நஷ்டமான வேலையாயிற்று.

வேறொரு வழியும் உண்டு. 15 லட்சத்தில் செடிகொடிகளை அகற்றி, கதவு மட்டும் அமைத்து, அதே பராமரிப்போடு பாதி நன்மை பெறலாம் என்போம். நன்மை 29.2 லட்சம், செலவு 21.1 லட்சம், விகிதம் 1.38. விகிதத்தில் இது மேல். ஆனால் செலவு போக மிஞ்சுவது 8 லட்சமே. பெரிய வேலையில் மிஞ்சுவது 12 லட்சம். கையில் 15 லட்சமே உள்ள ஊருக்குச் சிறிய வேலை உகந்தது. 40 லட்சம் கிடைக்கும் ஊர், அப்பணத்தை வேறெங்கும் இதனினும் நன்கு பயன்படுத்த வழியில்லையானால் பெரியதையே செய்யலாம். விகிதம் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்வது தகாது. ஒரே ஒரு திட்டத்தை முன்வைத்து "வேண்டுமா, வேண்டாமா" என்று கேட்பதும் முறையன்று. மாற்று வழிகளையும் கூடவே வைத்தல் வேண்டும்.

எண்ணத் தகாதவை

நன்மையை எண்ணும்போது ஒன்றையே இருமுறை எண்ணிவிடும் அபாயம் உண்டு. தண்ணீர் வந்ததால் விளைவு கூடுகிறது. விளைவு கூடியதால் நிலத்தின் விலை ஏறுகிறது. இரண்டும் ஒரே நன்மையின் இரு முகங்கள். ஒன்றை எழுதினால் மற்றதை எழுதலாகாது. நெல் நன்றாக விளைந்த ஆண்டில் தைப் பொங்கலுக்குச் சேலை வேட்டி நன்கு விற்கும், நெசவாளி பிழைப்பான். இது உண்மையே. ஆயினும் விவசாயியின் கூடுதல் வருமானத்தை ஒருமுறை எழுதிவிட்டு, அதே பணம் துணிக்கடைக்குச் செல்லும்போது மீண்டும் முழுவதும் எழுதினால் கணக்கு வீங்கும்.

வரியும் அவ்வாறே. சிமெண்டுக்கு அரசு விதிக்கும் வரி அரசுக்கே திரும்புவதால், நாட்டுக் கணக்கில் அது உண்மையான செலவன்று. கூலிக் கணக்கும் சிந்திக்கத்தக்கது. கோடையில் வேலையின்றி இருப்போரை மண்வேலைக்கு அழைத்தால் அவர்கள் கைவிட்டு வரும் உற்பத்தி சிறிது. நாற்று நடவுக் காலத்தில் அழைத்தால் பெரிது. தூர்வாரும் வேலையைத் தண்ணீர் திறப்பதற்கு முன்பே முடிக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்குக் கணக்கும் சாட்சி சொல்கிறது.

யாருக்கு வரவு, யாருக்குச் செலவு

மொத்தத்தில் நன்மை மிகுதி என்பதால் எல்லோருக்கும் நன்மை என்று ஆகிவிடாது. தலைமடைக்காரருக்கு வரும் லாபத்தையும் கடைமடைக்காரருக்கு வரும் நஷ்டத்தையும் கூட்டிக் கழித்து "லாபம்" என்று எழுதிவிட்டால், கடைமடைக்காரர் வயிறு நிறைந்துவிடுமா? நில உடைமையாளர், குத்தகைதாரர், விவசாயத் தொழிலாளி, நெசவாளி, மீன்பிடிப்போர் ஒவ்வொருவருக்கும் என்ன வரும், என்ன போகும் என்று தனித்தனிப் பத்தி போட்டு எழுதுவதே நல்ல மதிப்பீடு. நஷ்டப்படுவோருக்கு ஈடு செய்யும் தொகையும் எஸ்டிமேட்டிலேயே இடம்பெற வேண்டும்.

புது ஆற்றின் கணக்கு

தஞ்சை, பட்டுக்கோட்டைப் பகுதிகளில் "புது ஆறு" என்று வழங்கும் கல்லணைக் கால்வாய் 2.27 லட்சம் ஏக்கருக்கு நீர் தருவது. இதை விரிவுபடுத்திப் புதுப்பிக்கும் 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. பங்கிட்டால் ஏக்கர் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,16,000 ரூபாய். பத்து சதவீத வட்டி என்று கொண்டால் வட்டி மட்டுமே ஆண்டுக்கு ஏக்கருக்கு 11,600 ரூபாய். 2024-25-ல் மத்திய அரசு சாதாரண நெல்லுக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். அதாவது தேய்மானமும் பராமரிப்பும் நீங்கலாக, வட்டிக்கு மட்டும் ஏக்கருக்குச் சுமார் 5 குவிண்டால் நெல்லின் மதிப்பு நிகரமாகக் கூடியாக வேண்டும்.

இதனால் திட்டம் தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. கரை உடையாமல் காப்பது, கடைமடை ஏரிகளுக்கு நீர் சேர்ப்பது, திறந்த நீர் விரைவில் சென்றடைவது ஆகிய யாவும் வரவில் சேரும். எதிர்ப்பக்கத்தில் கவனிக்க வேண்டியது, கால்வாயின் தரையிலும் கரையிலும் கான்கிரீட் பூசுவதைப் பற்றி விவசாயிகளில் ஒரு சாரார் எழுப்பிய ஆட்சேபம். கசியும் நீர் வீண் என்று எஸ்டிமேட் கருதக்கூடும். அந்நீர் நிலத்தில் இறங்கி அருகிலுள்ள கிணறுகளிலும் ஆழ்குழாய்களிலும் மீண்டும் எடுக்கப்படுமானால் அது வீணன்று, வேறொருவர் வரவு. உவர் நிலத்தில் இறங்கிக் கெடுமானால் மட்டுமே முழு நஷ்டம். ஆகையால் கசிவைத் தடுத்துச் சேமித்த நீரை வரவில் எழுதும்போது, கிணறுகளில் குறையும் நீரைச் செலவில் எழுதுதல் வேண்டும். எந்த நீளத்தில் பூசுவது, எங்கே மண்தரையாக விடுவது என்பதை இக்கணக்கே ஊருக்கு ஊர் தீர்மானிக்க வேண்டும்.

நிச்சயமில்லாத நீர்

எந்தப் பாசனக் கணக்கும் நீர் வரும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்பது. குறுவைக்காக ஜூன் 12-ல் மேட்டூரைத் திறப்பது மரபு. ஆயினும் 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டு அந்நாளில் திறக்க இயலவில்லை. 2022-ல் மே 24-லேயே திறக்கப்பட்டது. 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. நடுவர் மன்றம் 2007-ல் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்று வகுத்ததை, உச்சநீதிமன்றம் 2018-ல் 404.25 ஆகத் திருத்தியது. நல்ல ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போடும் கணக்கு கணக்கன்று. நான்கில் மூன்று ஆண்டுகளிலாவது கிடைக்கக்கூடிய நீரையே ஆதாரமாகக் கொள்வது வழக்கம். அதையும் கூடக் குறைத்துப் பார்த்துத் திட்டம் தாங்குகிறதா என்று சோதிப்பது விவேகம்.

மிகுதியும் அவ்வாறே. 1924 ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. மேட்டூர் வேலை தொடங்குமுன் வந்த அவ்வெள்ளம், எவ்வளவு மிகை நீருக்கு வழிவிட வேண்டும் என்ற கணக்கை உணர்த்திற்று. எல்லிஸ் பெயரால் வழங்கும் 16 கண் மதகு சாதாரண ஆண்டுகளில் சும்மா இருப்பதுபோலத் தோன்றலாம். சும்மா இருப்பதற்கே அதற்குச் செலவு செய்திருக்கிறோம். வெள்ள ஆண்டில் அது முதலைத் திருப்பித் தந்துவிடும்.

பராமரிப்புக்கு முக்கொம்பு சொல்லும் பாடம் பெரிது. 1836-ன் வேலையான மேலணையில், 2018 ஆகஸ்டு 22 இரவு, கொள்ளிடப் பகுதியின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. புதிய கதவணைக்கு ரூ. 387 கோடி அறிவிக்கப்பட்டது. பழைய வேலை கண்ணெதிரே நன்றாக நிற்கும்போது அதற்குச் செலவு செய்ய எவருக்கும் மனம் வருவதில்லை. திறப்பு விழா இல்லாத செலவு பராமரிப்பு. ஆனால் ரூபாய்க்கு ரூபாய் மிகுந்த பயன் தருவது பெரும்பாலும் அதுவே என்பதை மேலே கண்ட சிறு வடிகால் கணக்கும் காட்டிற்று.

அங்கத்தினர் கேட்க வேண்டிய கேள்விகள்

உங்கள் ஊருக்கு ஒரு வேலை வருகிறது என்று கேள்விப்பட்டால், வரவேற்கும் முன்னரோ எதிர்க்கும் முன்னரோ கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்.

1. இவ்வேலை இராவிட்டால் பத்து ஆண்டில் நம் நிலை என்ன ஆகும்?
2. எழுதியுள்ள நன்மை நிகர நன்மையா, மொத்த விளைவா? ஒன்றே இருமுறை எண்ணப்பட்டதா?
3. எத்தனை ஏக்கர், எத்தனை தறி, எத்தனை வீடு கணக்கில் சேர்ந்தன? எவை விடுபட்டன?
4. வட்டி வீதம் என்ன? வேலையின் ஆயுள் எத்தனை ஆண்டு?
5. வேலை ஓராண்டு தாமதித்தால், செலவு நாலில் ஒரு பங்கு கூடினால், நீர் குறைந்தால், கணக்கு நிற்குமா?
6. யாருக்கு நஷ்டம்? அவர்களுக்கு ஈடு எவ்வளவு?
7. இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி ஆராயப்பட்டதா?
8. முடிந்தபின் ஆண்டுதோறும் பராமரிப்பவர் யார்? பணம் எங்கிருந்து வரும்?

எஸ்டிமேட்டின் நகலை 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பெறலாம். ஆனால் அதில் இராத சில எண்களை நாமே தர வேண்டியிருக்கிறது. எந்த ஆண்டு எத்தனை ஏக்கர் மூழ்கிற்று, தண்ணீர் எந்நாளில் கடைமடைக்கு வந்தது, கிணற்றில் நீர் எத்தனை அடியில் நின்றது, தறி எத்தனை நாள் நின்றது என்பவற்றைச் சங்கந்தோறும் ஒரு நோட்டில் எழுதி வருவோமாக. வெள்ளம் வந்துபோன மறுமாதம் நஷ்டத்தை நினைவிலிருந்து சொன்னால் கேட்பவர் ஐயுறுவர். பத்து ஆண்டுப் பதிவை எடுத்து மேசைமேல் வைத்தால் எவரும் தள்ள இயலாது.

அளப்பது என்றால் தடுப்பது என்று பொருளன்று. அளவறிந்து கேட்கும் ஊருக்கே நல்ல வேலை வரும். வந்த வேலையும் நிலைக்கும். அடுத்த தூர்வாரும் பருவத்துக்கு முன் ஒவ்வொரு சங்கமும் அந்த நோட்டைத் தொடங்கிவிடட்டும்.